ஒரே நோயாளி, ஆறு அட்டைகள்: மருத்துவத் துறையினர் சேர்ந்து கற்கும் வகுப்பை நடத்துவது எப்படி

மருத்துவ மாணவர்களையும் செவிலியர் மாணவர்களையும் ஒரே அரங்கில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் விரிவுரை நடத்திவிட்டு, அதைக் கூட்டுக் கல்வி என்று கணக்கில் எழுதிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எழுந்து போகும்போது பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர்கூட யாருக்கும் தெரிந்திருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட செயல்திட்டம் கூட்டுக் கல்வியைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது: இரண்டோ அதற்கு மேலோ தொழில்களைச் சேர்ந்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும், அதன் பயன் நோயாளியின் நலத்தில் தெரிய வேண்டும். அரங்கில் நடக்கும் விரிவுரையில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இந்த வழிகாட்டி, இரண்டு மணி நேர வகுப்புகள் நான்கு கொண்ட ஒரு முதல் சுற்றைத் திட்டமிட்டு நடத்துவதற்கானது. கல்லூரிக்காக எழுதப்பட்டிருந்தாலும், வார்டில் வேலை செய்யும் குழுவுக்கும் மிகச் சில மாற்றங்களோடு பொருந்தும்.

கால அட்டவணையில்தான் பெரும்பாலும் தோற்கிறது

பாடத்திட்டம் எழுதுவது எளிது. எல்லாத் துறை மாணவர்களுக்கும் ஒரே நாளில் இரண்டு மணி நேரம் ஓய்வாகக் கிடைப்பதுதான் கடினம். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவரைத் திட்டக் குழுவில் சேருங்கள். அவர் ஆர்வமுள்ளவராக இருந்தால் மட்டும் போதாது, தன் துறையின் கால அட்டவணையை மாற்றும் அதிகாரம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். முதல் கூட்டத்திலேயே நான்கு தேதிகளையும் குறித்துவிடுங்கள். என்ன கற்பிப்பது என்ற பேச்சு அதற்குப் பிறகு.

வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் எல்லாத் துறைக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு துறைக்குக் கட்டாயம், இன்னொன்றுக்கு விருப்பம் என்று வைத்தால், விருப்பமுள்ளவர்கள் இரண்டாவது வகுப்பிலேயே குறையத் தொடங்குவார்கள். வெவ்வேறு குழுக்களுக்கு இடையிலான முன்முடிவுகள் கலைய என்ன தேவை என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைத்தே ஆக வேண்டிய வேலை, நிர்வாகத்தின் வெளிப்படையான ஆதரவு. ஒரு துறைக்கு மதிப்பெண், இன்னொன்றுக்கு இல்லை என்றால் முதல் நிபந்தனை அங்கேயே உடைந்துவிடுகிறது.

மாணவர்களைச் சேர்க்கும்போது எத்தனையாவது ஆண்டு என்று பார்க்காதீர்கள். நோயாளிகளோடு எத்தனை மாதம் பழகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இறுதியாண்டு மருத்துவ மாணவரையும் வார்டுக்கே போகாத முதலாண்டு செவிலியர் மாணவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால், எந்தப் படிநிலையைக் களைய நினைத்தீர்களோ அதையே நீங்கள் கற்றுக்கொடுத்ததாக ஆகும்.

ஒரு குழுவுக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர். ஒரே துறையிலிருந்து இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மூன்று பேர் சேர்ந்தால் அவர்களுக்குள்ளேயே பேசத் தொடங்கிவிடுவார்கள். ஒரு துறையில் மாணவர்கள் மிகுதியாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருந்தால், மருந்தாளுநர் இல்லாத குழுக்களை உருவாக்காதீர்கள். தொகுதி தொகுதியாகப் பிரித்து வெவ்வேறு வாரங்களில் நடத்துங்கள். அதுவும் முடியாவிட்டால், பணியில் இருக்கும் மருந்தாளுநர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரலாம். அந்த வேடத்தை மருத்துவ மாணவரே ஏற்று நடிப்பதில் பயனில்லை, ஏனென்றால் மருந்தாளுநரைப் பற்றி அவர் ஏற்கெனவே நினைத்திருப்பதைத்தான் நடிப்பார்.

ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு துறையைச் சேர்ந்த இரண்டு வழிநடத்துநர்கள் இருந்தால் மிகவும் நல்லது. மாணவர்கள் முன்னால் இருவரும் மரியாதையோடு கருத்து வேறுபடட்டும். அதைப் பார்ப்பதே ஒரு பாடம். வகுப்புக்கு முன் இருவருக்கும் ஒன்றரை மணி நேரப் பயிற்சி தேவை. நன்றாகப் பாடம் நடத்துபவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள், பதில் சொல்லாமல் இருக்க அவர்களால் முடிவதில்லை.

முதல் வகுப்பு: உன் வேலை என்ன?

வெள்ளைக் கோட்டு வேண்டாம். நாற்காலிகள் வட்டமாக. பெயர் அட்டையில் பெயர் பெரிதாகவும் துறை சிறிதாகவும் இருக்கட்டும்.

ஒவ்வொருவரும் தனக்கு வலப்பக்கம் இருப்பவரின் தொழிலைப் பற்றி மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லட்டும். அவர் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் தானாக என்ன முடிவெடுக்கலாம்? எந்த முடிவுக்கு இன்னொருவரைக் கேட்க வேண்டும்? ஒரு நோயாளியிடம் முதல் பத்து நிமிடத்தில் எதைப் பார்ப்பார்? எழுதியதைப் படித்ததும், அந்தத் தொழிலைச் சேர்ந்தவர் திருத்திச் சொல்வார். இயன்முறை சிகிச்சையாளர் வெறும் உடற்பயிற்சி கற்றுத்தருபவர், மருந்தாளுநர் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர், செவிலியர் சொன்னதைச் செய்பவர் என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கும். சிரிப்பு வரும், சிலருக்கு முகம் வாடும். இரண்டும் நடக்கட்டும், அவசரமாகச் சமாதானப்படுத்த வேண்டாம். இந்த வகுப்பில் இதற்கு மேல் தேவையில்லை.

இரண்டாம் வகுப்பு: அட்டைகள்

சுற்றின் உயிர் இந்த வகுப்பில்தான் இருக்கிறது. எந்தத் துறையும் தனியாகத் தீர்க்க முடியாத நோயாளி ஒருவர் வேண்டும். மருத்துவர் ஒருவரே விடை சொல்லிவிடக்கூடிய நோயை எடுத்தால், மற்ற ஐந்து பேரும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். கடினமான நோயாக இருக்க வேண்டியதில்லை. தகவல் சிதறிக் கிடந்தால் போதும்.

இதோ ஒரு நோயாளி. வயது 68. பக்கவாதம் வந்து நான்காம் நாள். வலது கை கால் பலவீனம். பழைய ரத்த அழுத்தம் உண்டு. இப்போது காலை 9:15.

மருத்துவர் அட்டை: நிஃபெடிபின், மெதுவாகக் கரைந்து நாள் முழுதும் வேலை செய்யும் மாத்திரை, 30 மி.கி., தினம் காலை 8 மணிக்கு. இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பத் திட்டம்.

விழுங்கல் சிகிச்சையாளர் அட்டை: நேற்று மாலை சோதித்தார். தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது. கெட்டியான திரவமும் மசித்த உணவும் மட்டுமே. முழு மாத்திரை கூடாது. இதைத் தன் துறைக் கோப்பில் எழுதியிருக்கிறார்; படுக்கைத் தலைமாட்டில் "மசித்த உணவு" என்ற அட்டையை மட்டும் மாட்டியிருக்கிறார்.

செவிலியர் அட்டை: காலை 8 மணிக்கு ரத்த அழுத்தம் 158/92. மாத்திரைகளை எல்லாம் பொடித்து, மசித்த உணவோடு 8:05-க்குக் கொடுத்தாயிற்று. இப்போது 98/60.

மருந்தாளுநர் அட்டை: பொடிக்கக் கூடாத மாத்திரைகளின் பட்டியல் கையில் இருக்கிறது, நிஃபெடிபினின் இந்த வகை அதில் உண்டு. பொடித்தால் நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். அம்லோடிபின் சாதாரண மாத்திரையாக இருப்பதால் அதைப் பொடிக்கலாம். இந்த நோயாளிக்கு விழுங்க முடியாது என்பது அவருக்குத் தெரியாது.

இயன்முறை சிகிச்சையாளர் அட்டை: 9:30-க்கு நோயாளியை முதல் முறையாக எழுப்பி நிற்கவைக்கத் திட்டம். நேற்றைய ரத்த அழுத்தம் மட்டுமே தெரியும்.

மகள் அட்டை: ஒன்பது மணியிலிருந்து அப்பா "தலை சுத்துது" என்கிறார். எல்லோரும் அவசரத்தில் இருப்பதால் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

விதி ஒன்றுதான்: அட்டையைக் காட்டக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும். படிக்க 5 நிமிடம். பேச 20 நிமிடம். குழு மூன்று முடிவுகளைச் சொல்ல வேண்டும்: 9:30-க்கு எழுப்புவதா, அடுத்த வேளை மருந்து என்ன, எந்தத் தகவல் இனி எங்கே எழுதப்படும்.

என்ன நடக்கும் என்பதை வழிநடத்துநர் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். மருத்துவ மாணவர் முதலில் பேசுவார். மாத்திரையின் வகையைச் சொல்லாமல் "நிஃபெடிபின் 30" என்று மட்டும் சொல்வார். பேச்சு செவிலியர் பக்கம் திரும்பி, "ஏன் பொடிச்சீங்க?" என்று விசாரணையாக மாறும். மகள் அட்டை வைத்திருப்பவர் பத்து நிமிடம் வரை வாயே திறக்க மாட்டார், அல்லது அவரை யாரும் கேட்கவே மாட்டார்கள். அப்போது விடை சொல்லிவிடாதீர்கள். இரண்டே கேள்விகள் போதும். "காலை 8 மணிக்குச் செவிலியருக்கு எது தெரிந்திருக்க வேண்டும், அது யார் கையில் இருந்தது?" "இன்னும் யாரும் கேட்காத அட்டை யாரிடம் இருக்கிறது?" முதல் கேள்வி பழியிலிருந்து தகவலின் பாதைக்குப் பேச்சைத் திருப்பும். இரண்டாவது கேள்வி மகளைப் பேசவைக்கும்.

இந்த ஆறு பேரில் கவனக்குறைவானவர் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். நோயாளி விழப்போவது அவர்களுக்கு இடையில் உள்ள இடைவெளியில். மாணவர்கள் தாங்களாகவே இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் கணத்துக்காகத்தான் அந்த 20 நிமிடம்.

பிறகு அலசல். விளையாட்டுக்கு எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். முதல் 5 நிமிடம், எப்படி இருந்தது என்று மனத்தில் உள்ளதைக் கொட்டட்டும். இதைத் தாண்டிக் குதித்தால் கோபம் உள்ளேயே இருந்து பின்னால் வரும். அடுத்த 25 நிமிடம், எந்தத் தகவல் எப்போது வெளியே வந்தது, ஏன் தாமதமாயிற்று. கடைசி 10 நிமிடம், ஒவ்வொருவரும் அடுத்த வாரம் செய்யப்போகும் ஒரு வேலை. "நல்லாத் தொடர்புகொள்வேன்" என்பதை ஏற்காதீர்கள். "விழுங்கல் சோதனை முடிவை மருந்துச் சீட்டின் மேல் ஓரத்திலேயே எழுதுவேன்" என்பது வேலை.

நேரம் போதவில்லை என்றால் விளையாட்டைச் சுருக்குங்கள், அலசலில் கை வைக்காதீர்கள்.

மூன்றாம் வகுப்பு: வாயில் வரும் சொற்கள்

இடைவெளி தெரிந்துவிட்டது. அதைத் தாண்டச் சொற்கள் வேண்டும், அவை நாக்குக்குப் பழகியிருக்க வேண்டும். முதலில் எஸ்பார் (SBAR) என்ற, தகவல் சொல்லும் வரிசை: நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, கைசர் பெர்மனென்டே மருத்துவக் குழுமத்தின் வழியாக மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. மேலே சொன்ன நோயாளிக்குத் தொலைபேசியில் இப்படி:

"டாக்டர், நாலாம் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். 12-ஆம் பெட் நோயாளிக்கு பி.பி. 98/60, தலை சுத்துதுன்னு சொல்றார். பக்கவாதம், இன்னைக்கு நாலாவது நாள். எட்டு மணிக்கு 158/92 இருந்தது. 8:05-க்கு நிஃபெடிபின் 30 பொடிச்சுக் கொடுத்தோம், அது மெதுவாக் கரையுற மாத்திரை. மருந்து மொத்தமும் ஒரேயடியா இறங்கியிருக்கும்னு நினைக்கிறேன். நீங்க உடனே வந்து பாக்கணும். படுக்கவெச்சு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் பி.பி. எடுக்குறேன், பிசியோவை நிறுத்தச் சொல்லிட்டேன். நீங்க வர்றதுக்குள்ள வேற என்ன செய்யணும்?"

ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது மூன்றாவது, நான்காவது பகுதிகளில். எண்களைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். தான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும் என்று சொல்லத் தயங்குகிறார்கள். நம் பேச்சு மொழியில் இதற்கு ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. "சார், பி.பி. கொஞ்சம் கம்மியா இருக்கிற மாதிரி இருக்கு" என்று மரியாதைக்காகச் சேர்க்கும் "கொஞ்சம்", "மாதிரி" இரண்டும் ஆபத்தைக் கரைத்துவிடுகின்றன. மரியாதையை "டாக்டர்" என்ற விளியிலும் "பாருங்க" என்ற வினையிலும் வையுங்கள். எண் எண்ணாகவே இருக்கட்டும். இருவர் இருவராக எதிரெதிரே நின்று, இந்த இரண்டு சொற்களும் இல்லாமல் பேசும் பயிற்சியை ஐந்து முறையாவது செய்யவைக்க வேண்டும்.

அடுத்தது, திருப்பிச் சொல்லுதல். "அட்ரினலின் 1 மில்லிகிராம் ஐ.வி." என்றால், கேட்டவர் "அட்ரினலின் 1 மில்லிகிராம் ஐ.வி. கொடுக்குறேன்" என்று திருப்பிச் சொல்லி, கொடுத்த பிறகு "கொடுத்தாச்சு, 10:42" என்று நேரத்தோடு முடிக்க வேண்டும். "சரி" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து அவர் எதைக் கேட்டார் என்று அறிய முடியாது. ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இரைச்சலில் ஒன்றாகவே காதில் விழும்; "ஒன்று ஐந்து", "ஐந்து பூஜ்ஜியம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழக்குங்கள். எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. இன்சுலின் 10 யூனிட் என்பதைச் சுருக்கி, எண்ணை ஒட்டி ஒற்றை ஆங்கில எழுத்தாக யூ போட்டால், அது பூஜ்ஜியமாகத் தெரிந்து 100 ஆகிவிடும். யூனிட் என்று முழுச் சொல்லாக எழுதுங்கள்.

மூன்றாவது, மறுப்பைச் சொல்லும் ஏணி. 2006-இல் அமெரிக்காவில் வெளியான டீம்ஸ்டெப்ஸ் என்ற மருத்துவக் குழுப் பயிற்சியில் இது மூன்று படிகளாக இருக்கிறது. தமிழில் வாய்க்கு வரும்படி: "எனக்குக் கவலையா இருக்கு." "இது எனக்குச் சரியாப் படல." "இது நோயாளிக்கு ஆபத்து, நிறுத்துங்க." ஒரு முறை சொல்லிக் கேட்கப்படாவிட்டால் இன்னொரு முறை சொல்ல வேண்டும். இரண்டாம் முறையும் கேட்காவிட்டால் மேலே உள்ளவரைக் கூப்பிட வேண்டும். மூன்றாம் படி வந்ததும் மூத்தவர் உட்பட எல்லோரும் கையை எடுத்துவிட்டு நிற்பது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாமல் இளையவர்களுக்கு மட்டும் இந்த ஏணியைக் கற்றுக்கொடுப்பது அவர்களைத் தனியாகக் களத்தில் இறக்கிவிடுவதாகும். அதனால் இந்த வகுப்பில் மூத்த மருத்துவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். தவறான உத்தரவு கொடுப்பவராக அவரே நடித்து, இளையவர் நிறுத்தச் சொன்னதும் "நன்றி, நிறுத்துறேன்" என்று சொல்லிக் காட்டட்டும்.

நான்காம் வகுப்பு வார்டில்

ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986-இலேயே துறைகளைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கியது. 1996-இல் மாணவர் குழுவே மேற்பார்வையோடு நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி வார்டையும் திறந்தது. அந்த அளவுக்கு முடியாவிட்டாலும், இரண்டு படுக்கைகளை ஒரு குழுவிடம் ஒரு காலைப்பொழுதுக்குக் கொடுக்கலாம்.

காலைத் தொடக்கத்தில் பத்து நிமிடம் நின்றபடி ஒரு சந்திப்பு. உட்கார்ந்தால் நீளும். கேள்விகள் மூன்று: இன்று யாருடைய நிலை மோசமாகலாம், இன்று யார் வீட்டுக்குப் போகிறார், எதற்காக யார் யாருக்குக் காத்திருக்கிறார்கள். ரவுண்ட்ஸில் செவிலியர் முதலில் பேசட்டும், மருத்துவர் கடைசியில். வரிசையை மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் மூத்தவர் முதலில் முடிவைச் சொல்லிவிட்டால், பிறகு புதுத் தகவல் வருவது அரிது.

ஷிஃப்ட் மாறும்போது நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்க ஐ-பாஸ் (I-PASS) வரிசை நன்றாக வேலை செய்கிறது: நோயின் தீவிரம், நோயாளியின் சுருக்கம், செய்ய வேண்டியவை, இப்படி ஆனால் என்ன செய்வது, கடைசியாகப் பெறுபவர் தன் வாயால் திருப்பிச் சொல்வது. ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் பயிற்சி மருத்துவர்களிடையே இதைக் கொண்டுவந்தபோது, மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும் தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்ததாக 2014-இல் முடிவு வெளியானது. அவசரத்தில் முதலில் விடுபடுவது கடைசிப் பகுதி, திருப்பிச் சொல்வதுதான். அதை விட்டால் மற்ற நான்கும் போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது.

படிவத்தை மட்டும் நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள். எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயிற்சியோடு கொண்டுவந்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-இல் ஆய்வு வந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகள் அதே வகைப் பட்டியல்களைக் கையில் எடுத்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2014-இல் இன்னொரு ஆய்வு சொன்னது. ஏன் இந்த வேறுபாடு என்பதில் கருத்துகள் பல. மயக்க மருத்துவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் கட்டங்களில் டிக் அடித்துக்கொண்டே போகும் அறுவை அரங்கை நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காரணமாவது தெரியும்.

பலன் தந்ததா என்று பார்ப்பது

வகுப்பு பிடித்திருந்ததா என்ற கேள்வித்தாளில் எப்போதும் நல்ல மதிப்பெண்தான் வரும். கூட்டு வேலை முக்கியமா என்று கேட்டால் தொடக்கத்திலேயே எல்லோரும் "மிக முக்கியம்" என்று குறித்துவிடுவார்கள். அதற்கு மேல் ஏற இடமே இருக்காது. கேட்டே ஆக வேண்டுமென்றால், சுற்று முடிந்த பிறகு "அப்போது எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன்" என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். தனக்கு எவ்வளவு தெரியாமல் இருந்தது என்பது கற்ற பிறகுதான் தெரிகிறது.

அதைவிட நல்லது, நின்று எண்ணுவது. சுற்றுக்கு முன் 20 ஷிஃப்ட் ஒப்படைப்புகளைக் கவனித்து, ஐ-பாஸின் ஐந்து பகுதிகளில் எத்தனை இருந்தன என்று குறியுங்கள். சுற்று முடிந்து ஒரு மாதத்தில் இன்னொரு 20, மூன்று மாதத்தில் இன்னொரு 20. பெயர் எழுத வேண்டாம். எழுதினால் கவனிப்பவரைக் கண்டதும் நடிப்பு தொடங்கிவிடும். மூன்றாவது எண்ணிக்கை இரண்டாவதைவிடக் குறைந்திருந்தால் வியப்பில்லை. ஆட்கள் மாறியிருப்பார்கள், புதியவர்களுக்கு இது சொல்லித்தரப்பட்டிருக்காது. அட்டை வகுப்பைப் புது நோயாளியோடு அவர்களுக்கு நடத்துங்கள்.

அந்தப் புது நோயாளிக்கு இதயச் செயலிழப்பு. மருத்துவர் எனலாபிரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் எழுதியிருக்கிறார், இரண்டுமே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. உணவியல் நிபுணர் சோடியம் குறைந்த உப்பைப் பரிந்துரைத்திருக்கிறார். அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்திருக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு மருத்துவர் ட்ரைமெத்தோப்ரிம் கலந்த மாத்திரை கொடுத்திருக்கிறார், அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். ஆய்வகத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 5.9 மில்லிமோல் வந்திருக்கிறது, இருக்க வேண்டியதைவிட அதிகம். அந்தத் தாள் இன்னும் வார்டுக்கு வரவில்லை. மனைவி அட்டையில் ஒரே வரி: "புது உப்பு நல்லா இருக்குன்னு நிறையப் போட்டுக்கிறார்."